குமாஸ்தாவைக் கேலி செய்துவிட்டு டிராகுலாவைக் கொண்டாடுகிறவர்களுக்கு

சனிக்கிழமை இணையக் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்பது தெரியும். 'டிராகுலா' நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கர், அயர்லாந்தின் அரசு நிர்வாகம் இயங்கிய டப்ளின் கோட்டையில் வேலை பார்த்த ஆண்டுகளை "நாய் லைசென்ஸ் கணக்கில் தொலைந்த இளமை" என்று பேச்சாளர் சொன்னதும், திரை முழுக்கச் சிரிப்புக் குறிகள் விழுந்தன. நான் ஆட்சேபித்தபோது, "நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளுங்கள் சார்" என்றார்கள். எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஸ்டோக்கரின் வேலை பெட்டி செஷன்ஸ் தொடர்பானது. பெட்டி செஷன்ஸ் என்பவை அயர்லாந்தின் கவுண்டிகளில், அதாவது மாவட்டங்களில், இயங்கிய கடைநிலை நீதிமன்றங்கள். குடித்துவிட்டுத் தெருவில் கிடந்தவர், அடுத்தவர் வயலில் மாட்டை மேயவிட்டவர், கைகலப்பில் இறங்கியவர் எனச் சாதாரண மக்கள் சட்டத்தின் முகத்தைப் பார்த்தது அங்கேதான். நடுவர்களாக அமர்ந்தவர்களில் பலர் சட்டம் படிக்காத நிலக்கிழார்கள் என்பதால், எழுத்தருக்கு நடைமுறை தெரியாவிட்டால் ஏழையின் வழக்கு நாசமாகும். 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு நாய்க்கு இரண்டு ஷில்லிங் உரிமக் கட்டணம். அந்தப் பதிவும் எழுத்தரின் தலையில்தான் விழுந்தது, அந்தப் பணத்திலிருந்தும் அவருடைய சம்பளத்துக்கு வழி பிறந்தது. இவர்களைக் கண்காணிக்கும் ஆய்வாளராக உயர்ந்த ஸ்டோக்கர், சிதறிக் கிடந்த விதிகளைத் தொகுத்து எழுத்தர்களுக்கென்று ஒரு கையேடே எழுதினார். அது 1879இல் வெளிவந்தது.

என் அப்பா முன்சீப் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவர். வழக்குகளின் அடுத்த தேதிகளைக் குறிக்கும் ஏ டைரியில் வாய்தா தேதி ஒன்று மாறியிருந்தாலும், வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வரும் கட்சிக்காரர் ஒருநாள் கூலியை இழப்பார் என்று சொல்லி, மாலையில் ஒவ்வொரு வழக்குக் கட்டையும் மறுபடி பிரித்துப் பார்ப்பார். அவரை ஒரு கல்யாண வீட்டில் உறவினர் ஒருவர், "கோர்ட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார்" என்று அறிமுகப்படுத்தினார். அப்பா சிரித்தார். எனக்கு அந்தப் பெருந்தன்மை வாய்க்கவில்லை.

"அந்தக் கையேட்டை வறண்டது என்று ஸ்டோக்கரே சொல்லியிருக்கிறாரே" என்று யாராவது வருவீர்கள். சொன்னார்தான். எழுதியவர் சொல்லலாம், ஒரு பக்கம்கூடப் புரட்டாதவர்கள் சொல்லக் கூடாது. "1890இல் பாரிஸ்டர் ஆகியும் வழக்காடவில்லையே" என்பீர்கள். ஆமாம், அதனால் என்ன? வழக்காடிப் பெயர் தெரியாமல் போனவர்களைப் பற்றி நீங்கள் கூட்டம் போடுகிறீர்களா?

நீங்கள் கொண்டாடும் நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். கதாநாயகன் ஹார்க்கர், டிராகுலா பிரபு வாழும் திரான்சில்வேனியாவுக்குப் போவது பேய் பிடிக்க அல்ல. புதிதாகத் தேறிய சொலிசிட்டராக, ஒரு வீட்டுக் கிரயத்தை முடிக்கப் போகிறான். டைரி, கடிதம், தந்தி எல்லாவற்றையும் அவன் மனைவி மீனா தட்டச்சு செய்து தேதிவாரியாக அடுக்குகிறாள். பிரபு வந்து கையெழுத்துப் பிரதியை எரித்துவிட்டுப் போகும்போது, இன்னொரு நகல் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது. நகல் எடுத்து வைக்கும் புத்தி எந்த மேசையில் பழகியது என்று நினைக்கிறீர்கள்? இலக்கியக் கூட்டங்களிலா? 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது பெரும் பெரும் ஆவணங்கள் சாம்பலாயின. உள்ளூர் நீதிமன்றங்களில் கிடந்த பெட்டி செஷன்ஸ் பதிவேடுகள் ஏராளமாகத் தப்பின. இன்று பூர்வீகம் தேடும் ஐரிஷ்காரர்கள் அவற்றில்தான் கொள்ளுத்தாத்தாவின் பெயரைக் கண்டெடுக்கிறார்கள்.

"வாய்ப்புக் கிடைத்ததும் நாடகத்துக்கு ஓடிவிட்டாரே" என்பது கடைசி அஸ்திரம். ஓடிப்போய் என்ன செய்தார்? இருபத்தேழு ஆண்டுகள் நடிகர் ஹென்றி இர்விங்கின் மேலாளராக லண்டன் லைசியம் அரங்கத்தின் கணக்கைப் பார்த்தார், அவருக்காகக் கடிதம் எழுதிக் குவித்தார். மேடையில் நின்றவர் இர்விங். மேசையில் உட்கார்ந்தவர் இவர். இதற்கும் சிரிப்புக் குறி போட விரும்புகிறவர்கள் தாராளமாக என் நட்புப் பட்டியலிலிருந்து விலகிக்கொள்ளலாம்.