இருபதடி வீதியாம்!

நேற்றுப் பின்னேரம் பெய்தது ஒன்றரை மணித்தியால மழை. அதற்கே எங்கள் வீதியில் முழங்கால் அளவு தண்ணீர். "அங்கால போனா இஞ்சினுக்குள்ள தண்ணி போயிடும் பிள்ளை" என்று ஓட்டோக்காரத் தம்பி சந்தியிலேயே இறக்கிவிட, மகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாள். அவனில் எனக்குக் கோபமில்லை. கோபம் வேறு ஆட்களில்.

திருகோணமலைப் பட்டணத்துக்குள் காணி வாங்குகிற யோகம் மாதச் சம்பளக்காரருக்கு இல்லை. ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் கடல். நடுவில் இருக்கிற கொஞ்ச நிலத்திலும் கோட்டை, கடற்படை, அரச அலுவலகங்கள். மிச்சப் பேர் நிலாவெளி வீதியாலோ கண்டி வீதியாலோ வெளியே போகத்தான் வேண்டும். நானும் போய்ப் பத்துப் பேர்ச் வாங்கினேன். எத்தனையாம் கட்டை என்று சொல்லமாட்டேன். சொன்னால் காணி விலை விழுந்துவிட்டதென்று அயலவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

காணி காட்டினது ஆவணி மாதம். கச்சான் காற்று அடித்துப் புல்லெல்லாம் கருகி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மூலைக்கு மூலை கலர்க்கொடி. தகரக் கொட்டகைக்குள் குளிரக் குளிர நெக்டோ. "கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் அண்ணை, இருபதடி வீதி" என்றார் தரகர். அப்படி வெடித்த தரை தண்ணீர் நின்ற தரை என்று அப்பா இருந்திருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பார். இந்த ஊரில் மழையின் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்க்கும் என்பது இங்கே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஆவணியில் பார்த்துவிட்டு உறுதி எழுதினேன். அந்த மடத்தனம் என்னுடையது. மிச்சமெல்லாம் அவர்களுடையது.

இருபதடி வீதி இருக்கிறது, சர்வேயரின் படத்தில். தரையில் வந்து பாருங்கள். வீதிக்குள்ளேயே மின்கம்பம் நிற்கிறது. ஒருவர் கேற்றுக்கு முன்னால் மூன்றடிக்குக் கொங்கிறீற் சரிவு போட்டிருக்கிறார். எதிர்வீட்டுக்காரர் விடுவாரா? அவர் நாலடிக்குப் போட்டிருக்கிறார். மலசலகூடக் குழி இறைக்க பௌசரைக் கூப்பிட்டால், சந்தியில் நின்று ஹோர்ன் அடித்துவிட்டுத் திரும்பிப் போகிறது.

குழி என்றதும்தான் ஞாபகம் வருகிறது. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் ஐம்பதடி இருக்கவேண்டும் என்று சொல்வார்கள். என் காணி அகலம் முப்பது அடி, நீளம் தொண்ணூறு. நான் எப்படியோ முன்னால் கிணறு, பின்னால் குழி என்று ஒப்பேற்றிவிட்டேன். பக்கத்துக் காணிக்காரர் குழியை முன்னால் வெட்டினார். அவருடைய குழிக்கும் என் கிணற்றுக்கும் நடுவில் இருப்பது ஒரு மதில். மார்கழியில் தண்ணீர் ஏறினால் அதுவும் கணக்கில் இல்லை.

விதிகள் இல்லையென்று யாரும் சொல்லவேண்டாம். 1978 இலேயே நகர அபிவிருத்தி அதிகார சபைக்குச் சட்டம் வந்துவிட்டது. ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டு போட்டால், வீதி போக மிச்சத்தில் 10 வீதத்தைப் பொதுத் தேவைக்கு விடவேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு ஹெக்டேயர் என்றால் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். எங்களுக்குக் காணி வித்த ஆள் என்ன செய்தார் தெரியுமா? ஐந்து ஏக்கர் தரவையை, அதாவது மழைத் தண்ணீர் தங்குகிற புல்வெளியை, "முதலாம் கட்டம்", "இரண்டாம் கட்டம்" என்று இரண்டேகால் இரண்டேகால் ஏக்கராக வெட்டினார். இடையில் கிடந்த அரை ஏக்கர்த் துண்டு மச்சான் பெயரில். கணக்கு முடிந்தது. பிள்ளைகள் கிரிக்கெட் விளையாட ஒரு முழம் நிலம் கிடையாது, தண்ணீர் தங்க ஒரு பள்ளம் கிடையாது.

பிறகு தொடங்கியது மண் போடுகிற போட்டி. முதல் வீடு கட்டினவர் ஒன்றரை அடி உயர்த்தினார். அடுத்தவர் இரண்டு. நான் கடைசியாக வந்தவன், பதினெட்டு டிப்பர் கிரவல் பறித்து இரண்டரை அடி உயர்த்தினேன். ஆகப் பள்ளமாக மிஞ்சினது வீதிதான். இப்போது அதுதான் வாய்க்கால். உண்மையான வாய்க்காலும் ஒன்று இருக்கிறது. ஒரு தேர்தலுக்கு முன்னால் கட்டினார்கள், நாற்பது யார் நீளம். நேரே போய் ஒரு வீட்டு மதிலில் முட்டி நிற்கிறது. மதிலுக்கு முந்தியது வாய்க்காலா, வாய்க்காலுக்கு முந்தியது மதிலா என்று இன்னும் அடிபடுகிறார்கள்.

பின்பக்கத்துக் குடிசையில் ஒரு அம்மா இருக்கிறா. நாங்கள் வருவதற்கு முப்பது வருடம் முன்பே வந்தவ. போன மார்கழியில் அவவுடைய அடுப்படிக்குள் தண்ணீர். "முந்தி இந்தத் தண்ணி தரவைக்குள்ள போயிடும் தம்பி" என்றா. வேறொன்றும் சொல்லவில்லை. அந்தத் தரவைக்கு மேலேதான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

பிரதேச சபைக்குப் போனேன். மூன்று தரம். மூன்றாம் தரம்தான் கோப்பைத் திறந்தார்கள். "இந்த வீதி எங்களுக்கு இன்னும் பாரம் தரப்படவில்லை ஐயா, இது தனியார் வீதி. காணி வித்தவரைப் பிடிங்க." காணி வித்தவரின் போன் வேலை செய்வதில்லை. ஆனால் என்னுடைய வீட்டுப் படத்துக்குக் காசு கட்டி அனுமதி எடுத்த அன்றைக்கு இதே கந்தோரில் இதே வீதியைக் காட்டித்தானே எடுத்தேன்? அன்றைக்கு வீதியாக இருந்தது இன்றைக்கு யாருடையது? கேட்டேன். தேத்தண்ணி நேரம் என்று எழும்பிப் போய்விட்டார்.

இந்த வருடமும் கச்சானோடு கொடிகள் வந்துவிட்டிருந்தன. அந்த அம்மாவின் குடிசைக்கும் அங்கால், கொக்குகள் நிற்கிற இடத்தில் "மூன்றாம் கட்டம்". போன மாதம் ஒரு இளம் சோடி மோட்டார் சைக்கிளை என் கேற்றடியில் நிறுத்தி, "அண்ணை, இங்க வெள்ளம் வருமா?" என்று கேட்டது. "மார்கழியில வந்து பாத்திட்டு..." என்று நான் தொடங்க, மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். அவசரமாக ஏதோ எடுத்துக் கொடுக்கவேண்டுமாம். போனேன். குசினியில் ஒன்றுமில்லை. "பேசாம இருங்கோ," என்றாள், "நாளைக்கு நாங்களும் விக்கவேணுமெல்லோ."