அந்தச் சங்கு எங்கிருந்து போகிறது?

உங்கள் கட்டுரைத் தொடரில் வங்காளக் கல்யாணப் பெண் அணியும் வெள்ளைச் சங்கு வளையல், போலா என்ற சிவப்பு வளையல், லோஹா என்ற இரும்பு வளையல் மூன்றையும் அழகாக விளக்கியிருக்கிறீர்கள். ஆனால் அந்தச் சங்கு எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரி கூட இல்லையே! காலங்காலமாக நம் மன்னார் வளைகுடாவிலிருந்து போகிறது. தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கிறவர்கள் எடுத்துத் தருவதைத்தான் மேற்கு வங்கத்து விஷ்ணுபூரில் சங்காரிகள் என்ற சங்குக் கைவினைஞர்கள் வளையலாக அறுக்கிறார்கள். முன்பெல்லாம் பிறை வடிவ இரும்பு ரம்பத்தால் கையாலேயே அறுப்பார்கள், இப்போது மெஷின் வந்துவிட்டது. சங்கு வளையல் நமக்கும் புதிதில்லை, கொற்கை அகழாய்வில் அறுத்த சங்குகள் கிடைத்திருக்கின்றன. மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலடியில் தடவி எடுப்பது சாதாரண வேலையா? அடுத்த பகுதியில் அந்தச் சங்கு குளிக்கிறவர்களைப் பற்றியும் அவசியம் எழுதுங்கள்.