நீலகிரியில் ஆர்கெஸ்ட்ரா ஏற்கெனவே இருக்கிறது

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியதிலிருந்து, ஊட்டிக்கும் குன்னூருக்கும் பொதுவாக நமக்கென்று ஒரு ஆர்கெஸ்ட்ரா வேண்டும் என்று நண்பர்கள் சிலர் பேசி வருகிறார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. சர்ச் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல் பகுதி, பாடுகிறவள் நான். லவ்டேல் லாரன்ஸ் பள்ளியில் பேண்டு இருக்கிறது, வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பேண்டு இருக்கிறது. வயலின் சொல்லித்தருகிறவர்களும் டிரினிட்டி கிரேடு என்னும் மேற்கத்திய இசைத் தேர்வு எழுதும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆள் சேர்ப்பது முடியாத காரியமில்லை.

ஆனால் இத்தனை பேச்சிலும் ஒருவர்கூட இந்த மலையின் பழங்குடிகளான கோத்தர்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதுதான் மனதை உறுத்துகிறது.

ஊட்டி நகரமே 1820களில்தான் உருவானது. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே இந்த மலைக்கு முழுமையான ஒரு வாத்தியக் குழு இருந்தது. கோத்தர்களுக்கு ஏழு ஊர்கள். மொத்த மக்கள்தொகை சில ஆயிரத்தைத் தாண்டாது. இரும்பு அடித்தவர்கள், மரவேலை செய்தவர்கள், பானை வனைந்தவர்கள் அவர்கள்தான். மலை முழுக்க இசை வாசித்தவர்களும் அவர்களேதான். ராகத்தை எடுத்துச் செல்வது கொள் என்னும் இரட்டைச் சீவாளிக் குழல். கூடவே தபட்க் என்கிற வட்டப் பறை, கிண்வர், தோபர் என்று உருளை முழவுகள், வளைந்த பித்தளைக் கொம்பு. கொள்ளும் ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ராவின் ஓபோ என்னும் ஊதுகுழலும் ஒரே இனம், இரண்டுக்கும் இரட்டைச் சீவாளி. அங்கே கச்சேரிக்கு முன்னால் ஓபோ சுருதி கொடுக்க மற்ற எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். இங்கே கொள் ஒரு மெட்டைத் தொடங்க முழவுக்காரர்கள் அதில் தங்கள் இடத்தைக் காதாலேயே கண்டுபிடித்துச் சேர வேண்டும். எழுதி வைத்த இசைத்தாள் எதுவும் கிடையாது.

சாமிக்கு வாசிக்கும் மெட்டுகள் தனி, சாவுக்கு வாசிப்பவை தனி, ஆட்டத்துக்கு வாசிப்பவை தனி. ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வாசித்துவிட முடியாது. பெண்கள் பாடுவார்கள், ஆடுவார்கள். கருவிகள் ஆண்கள் கையில்.

மலையின் மற்ற மக்களான தோடர்களின் மந்தில் சாவு என்றாலும் படுகர்களின் ஹட்டியில் சாவு என்றாலும் (மந்து, ஹட்டி என்பவை அவர்களுடைய ஊர்கள்) அந்தக் காலத்தில் கோத்தர் இசை இல்லாமல் காரியம் நடக்காது. படுகர்கள் அதற்குத் தானியம் கொடுத்தார்கள், தோடர்கள் சாவுச் சடங்கில் எருமை கொடுத்தார்கள். ஒரு மலையின் எல்லா மக்களுக்கும் பொதுவான குழு என்றால் அது இதுதான். பொது ஆர்கெஸ்ட்ரா என்று நாம் இப்போது பேசுவதெல்லாம் அப்போதே நடந்த விஷயம்.

அப்புறம் என்ன ஆனது? மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் 1930களில் இங்கே வந்து தங்கி ஆய்வு செய்தவர். 1941ல் வெளியான அவருடைய கட்டுரையில் இந்தக் கதை இருக்கிறது. 1930ஐ ஒட்டிப் படுகர்களில் சீர்திருத்தம் பேசியவர்கள் கோத்தர் இசை இனி வேண்டாம் என்றார்கள். பழைய முறையை விட மாட்டோம் என்று இன்னொரு பக்கம் நின்றது. சண்டை அடிதடி வரை போனது. ஒரு வாத்தியக் குழுவைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று மலையே இரண்டாகப் பிரிந்த வரலாறு வேறெங்காவது உண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இதில் படுகர்களை மட்டும் குறை சொல்ல நான் தயாராக இல்லை. கோத்தர்களில் படித்தவர்களும், மற்றவர் வீட்டுச் சாவுக்குப் போய் வாசிப்பது இழிவு என்று நினைக்கத் தொடங்கியிருந்தார்கள். நினைத்ததில் தப்பே இல்லை. செத்த எருமையை வாங்கிக்கொள்கிறவர்கள் என்று சொல்லித்தானே அவர்களைக் கீழே வைத்தார்கள். இசை வேண்டும், வாசிக்கிறவன் தள்ளி நிற்க வேண்டும் என்றால் எந்தக் குழு நிலைக்கும்? காசுப் பயிரும் சந்தையும் வந்ததும் தானியக் கணக்கும் அறுந்தது. திறமைக் குறைவால் அந்த இசை ஹட்டிகளிலிருந்து போகவில்லை. மரியாதையோடு கூப்பிட ஆள் இல்லாமல் போனது.

மும்பையில் 2006ல் என்.சி.பி.ஏ. என்னும் நிகழ்த்துகலை மையம் பெரிய செலவில் ஒரு சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா தொடங்கியது. வாசிக்கிறவர்களில் பெரும் பகுதியினரைக் கஜகஸ்தான் போன்ற நாடுகளிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. அங்கே அரங்குக்கும் பணத்துக்கும் குறைவில்லை. சென்னையில் 1893ல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் பாடகர் குழு இன்னும் நடக்கிறது. அங்கே பாடுகிறவர்கள் வேலை முடிந்து வரும் சாதாரண ஆட்கள். ஊர்க்காரர்கள் வேலைக்குப் போய்க்கொண்டே நடத்துவதுதான் நிலைக்கிறது.

கோத்தர்களிடம் இன்று இருப்பதும் அதுதான். வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் வேலை பார்க்கிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் தங்கள் தெய்வங்களான அய்யனோர் அம்மனோர் திருவிழா வந்ததும் வெள்ளைப் போர்வை போர்த்திக்கொண்டு கொள் ஊதுகிறார்கள், முழவு அடிக்கிறார்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று கேட்டே பழகுகிறார்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. தங்கள் சாமிக்காக, தங்கள் ஊருக்காக.

சரி, நாம் என்ன செய்கிறோம்? மே மாதச் சீசன் மேடையில் "பழங்குடியினர் நடனம்" என்று ஒரே வரியில் அறிவித்துவிட்டுச் சில நிமிடங்களில் இறக்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். வாசித்தவர்களின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. பின்வரிசையில் இருந்து வெட்கமாக இருந்தது.

ஆகவே ஆர்கெஸ்ட்ரா தொடங்க நினைக்கும் நண்பர்களிடம் கேட்கிறேன். முதல் கூட்டத்துக்கே கோத்தர் ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். எல்லாம் முடிவான பிறகு இரண்டு பேரை அழைத்து ஓரத்தில் நிற்க வைக்காதீர்கள். சாமி மெட்டையும் சாவு மெட்டையும் மேடைக்குக் கேட்கவே வேண்டாம். ஆட்ட மெட்டுகளில் எதை வெளியே வாசிக்கலாம் என்பதை அவர்களே சொல்லட்டும். வயலின்காரருக்கு என்ன பணமோ அதேதான் கொள் ஊதுகிறவருக்கும். சுவரொட்டியில் அவர் பெயரும் வர வேண்டும்.

சுருதி சேராது என்று பியானோக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான், பியானோவின் கட்டைகளுக்குள் கொள் அடங்காது. அந்த உருப்படிக்குப் பியானோவை மூடி வைத்துவிடலாம். வயலினில் விரலை எங்கே வேண்டுமானாலும் வைக்க முடியும், சர்ச் பாடகர் குழுவின் தொண்டையும் அப்படித்தான். கொள்ளின் சுருதிக்கு வந்து பழக எங்கள் ஆல்டோ வரிசை தயார்.