கப்பல் பஃபேவுக்கு அப்பா வேட்டியிலேயே போகலாம்

போன வாரம் குடியாத்தத்திலிருந்து சித்தி போன் செய்தார். தை மாதம் சித்தியும் சித்தப்பாவும் சிங்கப்பூர் போய், அங்கிருந்து கப்பலில் பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு வரப் பணம் கட்டியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் முதல் வெளிநாட்டுப் பயணம். ஆனால் குரலில் சந்தோஷமே இல்லை. "ராத்திரி சாப்பாட்டுக்கு ஆம்பளைங்க கோட்டு போடணுமாம், பொம்பளைங்க கவுன் போடணுமாம், சேலை வேட்டி கூடாதாமே, நெஜமாம்மா?" என்று கேட்டார். கூட்டிப் போகிறவர்கள் வாட்சப்பில் அப்படித்தான் அனுப்பியிருக்கிறார்களாம். சித்தி வேலூர் லாங்கு பஜார் வரைக்கும் வந்து கோட்டு விலை கேட்டிருக்கிறார். 6,500 ரூபாய் சொன்னார்களாம். முப்பது வருஷம் தறியில் உட்கார்ந்த மனிதருக்கு, நாலு ராத்திரி சாப்பாட்டுக்காக ஒரு கோட்டு!

எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே மாதிரி ஒரு செய்தியை நம்பி, நான் என் அப்பாவைப் படுத்தியிருக்கிறேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். நம் பக்கத்திலிருந்து இப்போது நிறைய பேர் கப்பல் பயணம் போகிறார்கள். காட்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று எல்லா ஊரிலும் குழு சேர்த்து அழைத்துப் போகிறார்கள். பெரியவர்களைக் கூட்டிப் போகும் பிள்ளைகள் இதைப் படித்தால் போதும்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். கப்பலில் சாப்பிடும் இடம் ஒன்று இல்லை, பல உண்டு. உட்கார வைத்துப் பரிமாறும் பெரிய டைனிங் ஹால் தனி. நாமே தட்டெடுத்துப் போட்டுக்கொள்ளும் பஃபே தனி. இரண்டுக்கும் டிக்கெட்டிலேயே பணம் சேர்ந்திருக்கும். தினமும் எதில் வேண்டுமானாலும் சாப்பிடலாம். உடை விதி என்று பேசுகிறார்களே, அதில் பெரும்பகுதி அந்த டைனிங் ஹாலுக்கானது, அதுவும் விசேஷ உடையில் வரச் சொல்லி 'ஃபார்மல் நைட்' என்று வைக்கிற ஒன்றிரண்டு ராத்திரிகளுக்கானது. பஃபேவுக்கு அநேகமாக எல்லாக் கப்பல்களிலும் கேட்பது இவ்வளவுதான்: ஈர நீச்சல் உடையோடு வராதே, மேலுக்குச் சட்டை போடு, காலில் செருப்பு போடு. ராயல் கரீபியன் கப்பல்களில் விண்ட்ஜாமர் என்று பஃபே இருக்கிறது, அங்கே இதுதான் விதி. கண்டிப்புக்குப் பேர் போன குனார்ட் நிறுவனத்தின் குயின் மேரி 2 கப்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பெரும்பாலான இடங்களில் நன்றாக உடுத்தியிருக்க வேண்டும் என்பார்கள். அங்கும் பஃபே இருக்கும் கிங்ஸ் கோர்ட்டில் சாதாரண உடையில் போய்ச் சாப்பிடலாம்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அம்மா அப்பாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்காகப் போனோம். அப்பாவுக்கு 68 வயது. குடியாத்தத்தில் கைலித் தறி வைத்திருந்தவர். வெள்ளைச் சட்டை, எட்டு முழ வேட்டி, இதைத் தவிர அவரை வேறு உடையில் நான் பார்த்ததே இல்லை. "வேட்டி, சேலை அனுமதி இல்லை, வெஸ்டர்ன் மட்டும்" என்று வந்த செய்தியைப் பார்த்துவிட்டு, நான்தான் அவருக்கு இரண்டு ஜீன்ஸும் காலர் வைத்த டி சர்ட்டும் வாங்கினேன். போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு பாப்பா எனக்கு இந்தக் கொழாயி?" என்று கேட்டார். கப்பலில் அப்படித்தான்ப்பா என்று சொல்லி அடக்கிவிட்டேன்.

முதல் நாள் ராத்திரி பஃபேவில் அவர் உட்கார்ந்திருந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார். இடுப்பு பட்டன் வயிற்றை அழுத்துகிறது. ஒரு கையால் டி சர்ட்டைக் கீழே இழுத்து இழுத்து விடுகிறார். தட்டில் கொஞ்சம் சோறு, கொஞ்சம் பருப்பு. வீட்டில் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிடுகிறவர், அதையும் பாதியில் நிறுத்திவிட்டு, "போதும், ரூமுக்குப் போலாம்" என்கிறார். பக்கத்து மேஜையில் அவர் வயதில் ஒரு வெள்ளைக்காரர். அரைக்கால் சட்டை, சாயம் போன பனியன் மாதிரி ஒரு டி சர்ட், காலில் ரப்பர் செருப்பு. மூன்றாவது தட்டு எடுக்க எழுந்து போகிறார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் அப்பாவை நான் ஏன் இந்தக் குழாய்க்குள் திணித்து உட்கார வைத்திருக்கிறேன் என்று நினைத்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் வரவேற்பு மேஜையில் போய் நேராகக் கேட்டேன். வேட்டி கட்டலாமா, சேலை கட்டலாமா? அந்தப் பெண் புரியாமல் பார்த்தாள். போனில் அப்பாவின் படத்தைக் காட்டினேன். "ரொம்ப அழகாக இருக்கிறாரே, தாராளமாக வரலாம்" என்றாள். அன்றைக்கு ராத்திரி அப்பா வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். வாசலில் கை கழுவும் மருந்து தெளிக்கிறவர் எல்லோரையும் போலவே அவருக்கும் தெளித்தார், அவ்வளவுதான். உள்ளே மேல்விஷாரத்துக் குடும்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது. வேட்டியைப் பார்த்ததும் அந்தப் பெரியவர் எழுந்து வந்து, "நமக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டார். அதற்கப்புறம் இரண்டு பேரும் தோல் வியாபாரம், நூல் விலை என்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். அப்பா மூன்று தடவை சோறு வாங்கினார்.

2014ல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை வேட்டி கட்டியதற்காக உள்ளே விடாமல் நிறுத்தியது நினைவிருக்கும். அதே வருஷம் ஆகஸ்டில் சட்டசபையில் சட்டமே போட்டார்கள். வேட்டிக்குத் தடை போட்டால் கிளப்பின் உரிமம் ரத்தாகும், ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அந்தச் சட்டம் வெளிநாட்டுக் கப்பலில் செல்லாது. ஆனால் கப்பல்காரர்கள் பஃபேவில் வேட்டியைத் தடுப்பதாக நான் எங்கும் பார்க்கவில்லை. தடுப்பது நம் ஆட்களின் வெட்கம். நம்மைப் பார்த்து யாராவது சிரிப்பார்களோ என்ற பயத்தில், நாமே முந்திக்கொண்டு ஒரு விதியை உண்டாக்கிப் பெரியவர்கள் தலையில் கட்டுகிறோம்.

சரி, அதற்காக எதை வேண்டுமானாலும் உடுத்தலாமா? கூடாது. கைலி விஷயத்தில் நான் கண்டிப்பாகத்தான் சொல்வேன். எங்கள் வீட்டுச் சோறே கைலியில் வந்தது. ஆனால் எங்கள் ஊரிலேயே கைலியோடு யாரும் கல்யாணப் பந்தியில் உட்கார மாட்டார்கள். அது வீட்டில் கட்டுவது, படுக்கப் போகும்போது கட்டுவது. கப்பல் அறைக்குள் தாராளமாகக் கட்டலாம். நைட்டியும் அப்படித்தான். மேலே துப்பட்டா போட்டுக்கொண்டு தெருமுனைக் கடை வரைக்கும் போகும் பழக்கம் நமக்கு இருக்கிறது. கப்பல் அறையிலிருந்து பஃபே ஒரு லிஃப்ட் தூரம்தானே என்று அப்படியே வந்துவிடுகிறார்கள். எங்கள் குழுவிலேயே காலை டிபனுக்கு நாலு பேர் வந்தார்கள். ஒரு பெண்பிள்ளை தன் அம்மாவிடம் சொல்லவும் முடியாமல், பக்கத்தில் நிற்கவும் முடியாமல் தவித்தாள். ஆயிரம் இரண்டாயிரம் பேர் சாப்பிடுகிற பொதுப் பந்தி அது. சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்கோ காதுகுத்துக்கோ சாயங்காலம் போவதென்றால் என்ன உடுத்துவோம்? துவைத்த, மடிப்புக் கலையாத ஒரு நூல் சேலை, ஒரு சுடிதார், ஒரு வேட்டி சட்டை, ஒரு பேன்ட் சட்டை. அதுதான் பஃபேவுக்கு அளவு.

சேலை கட்டுகிறவர்கள் முந்தானையைப் பின் குத்திக்கொள்ள வேண்டும். பஃபேவில் பெரிய பெரிய பாத்திரங்கள் சூடு ஆறாமல் வரிசையாக இருக்கும், நாம் குனிந்து நீண்ட கரண்டியால் எடுக்க வேண்டும். அம்மா ஒரு கையில் தட்டோடு எட்டிக் குனிந்தபோது தோளிலிருந்து முந்தானை சரிந்து நேராகப் பருப்பில் விழுந்தது. மஞ்சள் கறை. பாவம், பின்னால் வரிசையில் நின்றவர்களிடம் எல்லாம் "சாரி, சாரி" என்றார். அந்தப் பாத்திரம் முழுவதையும் ஊழியர்கள் எடுத்துப் போய்விட்டு வேறு கொண்டு வந்து வைத்தார்கள். அன்றைக்கு அம்மா சரியாகச் சாப்பிடவே இல்லை. மறுநாளிலிருந்து முந்தானையை மடித்துத் தோளில் ஒரு ஊக்கு, இடுப்பில் ஒரு ஊக்கு. துப்பட்டாவுக்கும் இதே கதைதான். ஒரு பக்கம் போட்டுக் குறுக்கே முடிந்துகொண்டால் கை வசதியாக இருக்கும். சேலையை அரை அங்குலம் தூக்கியே கட்டுங்கள். மேல் தளத்துக்குப் போகும் கதவுகளில் வாசற்படி மாதிரி ஒரு தடுப்பு இருக்கும், கொசுவம் அதில் தடுக்கும்.

ஆரணிப் பட்டை பஃபேவுக்கு வீணாக்க வேண்டாம். எண்ணெய், குழம்பு, குழந்தைகள் ஐஸ்கிரீமோடு ஓடுவது எல்லாம் அங்கேதான். அதை ஃபார்மல் நைட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குனார்ட் கப்பல்களில் அந்த விசேஷ ராத்திரிக்குக் கோட்டு சூட்டுக்குச் சமமாக அவரவர் நாட்டின் மரபு உடையையும் ஏற்கிறார்கள், விதியிலேயே இருக்கிறது. பட்டு வேட்டியும் ஆரணிப் பட்டும் அந்த ராத்திரிக்கு எந்தக் கவுனுக்கும் குறைந்ததில்லை. உடுத்திக்கொள்ள அலுப்பாக இருந்தால் அன்றைக்கும் பஃபே திறந்துதான் இருக்கும்.

செருப்பு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஆபத்து இருக்கிறது. அப்பாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி குறைவு. கரிகிரி தொழுநோய் மருத்துவமனைப் பக்கம் பழகியவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு தெரிந்திருக்கும். தொழுநோயால் உணர்விழந்த பாதங்களுக்காகப் பயன்பட்ட அந்த மெத்தென்ற ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரைக்காரர்களுக்கும் தருகிறார்கள். அது பார்க்க நன்றாக இல்லை என்று அவருக்கு ஷூ வாங்கினேன். முதல் நாளே குதிகாலில் கொப்புளம். வலியே தெரியாமல் நடந்திருக்கிறார், ராத்திரி காலுறையைக் கழற்றியபோதுதான் பார்த்தோம். கடையில் யார் என்ன சொன்னாலும் பெரியவர்களுக்குப் பழகிய செருப்பை மாற்றாதீர்கள். பின்பக்கம் வார் வைத்த எம்.சி.ஆர். செருப்பு பஃபேவுக்கு முழுக்கச் சரியான செருப்புதான். வெறுங்காலோடு மட்டும் வேண்டாம். பஃபே அநேகமாக நீச்சல் குளம் இருக்கும் தளத்தில்தான் இருக்கும்; தரை ஈரமாக வழுக்கும், பகலில் வெயிலில் காயும் தளம் உணர்ச்சி குறைந்த பாதத்தைப் பொத்துவிடும்.

அப்புறம், குளிர். அக்னி நட்சத்திரத்தில் வெந்து பழகிய வேலூர்க்காரர்களான நாம், கடல் காற்று, வெப்ப நாடு என்று மெல்லிய துணியாக எடுத்துப் போகிறோம். உள்ளே ஏ.சி. நடுக்குகிறது. ஏலகிரிக்குப் போனால் எடுத்துப் போகிற சால்வையை இதற்கும் எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்திரிப் பெட்டி வேண்டாம். தீ பயத்தால் பெரும்பாலான கப்பல்களில் அறைக்குள் அதை விடுவதில்லை. நாங்கள் கொண்டுபோனதைப் பெட்டி சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும்போதுதான் கொடுத்தார்கள். சுருங்கிய துணியைக் குளியலறையில் மாட்டிவிட்டு வெந்நீரில் குளித்தால், அந்த ஆவியில் ஓரளவு சரியாகிவிடும். கஞ்சி போட்ட சேலைக்கு அது உதவாது, அதனால் கஞ்சி போடாமல் எடுத்துப் போங்கள்.

பிள்ளைகளையும் இளவட்டங்களையும் கவனியுங்கள். குளத்திலிருந்து சொட்டச் சொட்ட எழுந்து வந்து, துண்டைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தால் அடுத்து உட்காருபவர் துணி நனையும். விதி என்று உண்மையிலேயே இருப்பது இதற்குத்தான், ஊழியர்கள் திருப்பி அனுப்புவதும் இவர்களைத்தான்.

சித்தியிடம் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் போனைச் சித்தப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். இவ்வளவு நேரமும் பக்கத்தில்தான் இருந்திருக்கிறார். "அப்போ வேட்டிதானேம்மா? நாலு முழமா, எட்டு முழமா?" என்றார். எட்டு முழம் எடுத்துக்கோங்க சித்தப்பா, அங்கே விளக்கு வெளிச்சம் ஜாஸ்தி, நாலு முழம் மெல்லிசாத் தெரியும் என்றேன். ரூம் சாவி ஒரு கார்டு, எப்பவும் கையில் வேணும், அதனால சட்டைப் பாக்கெட் பெருசா இருக்கட்டும். வெளியே காத்துல நடக்கும்போது மடிச்சுக் கட்டிக்கோங்க, சாப்பிட உள்ளே போகும்போது மட்டும் இறக்கி விட்டுடுங்க. "அது தெரியாதா எனக்கு" என்று சிரித்தார்.