98 நாளுக்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பது?

மலேசியாவில், சுங்கை பட்டாணிக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போகும் வழியில், என்னையும் தம்பியையும் தூக்கம் கலையாமல் தோளில் சுமந்துவந்து ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வார் அம்மா. பால் வடிய மரம் வெட்டி, மங்கு என்னும் கிண்ணத்தில் இருந்த பாலை வாளியில் சேர்த்து, நிறுத்துக் கொடுத்த பிறகே அழைத்துப்போக வருவார். பெண்களின் கை இல்லாமல் தோட்டம் நடக்காது என்பதற்காகத்தான் நிர்வாகம் அந்தக் கொட்டகையை வைத்திருந்தது; கருணையால் அல்ல. ஆனாலும், ஐந்து பிள்ளைகள் பெற்ற அம்மா ஒருமுறைகூட வேலையை விட வேண்டியிருக்கவில்லை.

நான் விட்டேன். தோட்டம் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டமாக மாறி நாங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தபோது, ஆயாக் கொட்டகை எங்களோடு வரவில்லை. மின்னணுத் தொழிற்சாலையில் எனக்கு இரவு 7 மணி வரை ஷிப்ட். பிள்ளையை விட்டிருந்த தாஸ்கா (குழந்தைக் காப்பகம்) 6 மணிக்கே மூடிவிடும். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆள் கிடைக்காமல் எட்டு ஆண்டு வேலை போயிற்று.

2023 ஜனவரி 1 முதல் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்ததையும், தந்தைக்கு 7 நாள் கிடைத்ததையும் நான் மனதார வரவேற்கிறேன். வேலை நேரத்தை மாற்றித் தரக் கேட்டு விண்ணப்பித்தால், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பதும் இப்போது சட்டம். ஆனால் உற்பத்தி வரிசையில் நிற்பவர் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினால் அந்த இடத்தில் வேறொருவர் நிற்க வேண்டும். மறுப்பதற்கு அந்த ஒரு காரணமே போதும். பதிவுபெற்ற தாஸ்காவுக்குக் கட்டும் கட்டணத்தில் ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு உண்டு. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் வாங்குபவர் வரியே கட்டுவதில்லை, அவருக்கு இந்தக் கழிவால் ஒரு காசுகூட மிச்சமில்லை.

இந்நாட்டில் உழைக்கும் வயதுப் பெண்களில் 100க்கு ஏறத்தாழ 56 பேரே வேலைச் சந்தையில் இருக்கிறார்கள். ஆண்களிலோ 80க்கும் மேல். நம் வீடுகளில் போடும் கணக்கும் இதற்கு ஒரு காரணம் என்பேன். தாஸ்கா கட்டணத்தை மனைவியின் சம்பளத்திலிருந்து மட்டுமே கழித்துப் பார்த்து, "மிஞ்சுவது இவ்வளவுதானே, வீட்டிலேயே இரு" என்கிறோம். பிள்ளை இருவருக்கும் பிறந்தது. கட்டணத்தை ஏன் இருவர் சம்பளத்திலும் கழித்துப் பார்ப்பதில்லை? அவள் இழப்பது அந்த மாதச் சம்பளத்தை மட்டும் அல்ல, இபிஎஃப் என்னும் ஓய்வுக்கால வைப்புநிதிச் சேமிப்பையும் சேர்த்துத்தான்.

தொழிற்பேட்டைக்கு ஒன்றாவது, ஷிப்ட் நேரத்துக்கே திறந்திருக்கும் குழந்தைக் காப்பகம் வேண்டும். அதன் செலவை அங்குள்ள முதலாளிமாரும் அரசும் ஏற்க வேண்டும். தோட்டத்தில் முடிந்தது இங்கே முடியாதா?

அடுத்த மாதம் என் மருமகளுக்கு விடுப்பு முடிகிறது. பேத்தியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கோ தாயும் இல்லை, மாமியாரும் இல்லை. விலகல் கடிதத்தை எழுதி வைத்திருக்கிறாள்.