நாற்பது வினாடிக் காணொளியில் இல்லாத மிச்சம்

வெள்ளிக்கிழமை மாலை சமிக்ஞை விளக்குச் சந்திப்பில் எடுத்த அந்தக் காணொளி, சுங்கை சிப்புட்டில் உள்ள புலனக் குழுக்களை எல்லாம் (வாட்ஸ்அப்) சுற்றி முடித்து, ஈப்போவில் இருக்கும் என் மைத்துனர் வழியாக எனக்கே திரும்பி வந்துவிட்டது. ஆகவே என்ன நடந்தது என்று மறுபடியும் விவரிக்க வேண்டியதில்லை. மழை, நின்றுபோன என் பழைய மோரிஸ் மைனர் கார், பாதி ஏறிய துணிக்கூரை, நனைந்த நான். நாற்பது வினாடிகளில் அவ்வளவுதான் இருக்கிறது. பேசாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் இருந்தேன். ஆனால் "பழைய கார் வேண்டாம் என்று இதற்குத்தான் அப்போதே சொன்னோம்" என்று தொடங்கும் அறிவுரைகள் இன்று காலை வரை நின்றபாடில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காரை நான் ஓட்டுவதற்காக வாங்கினேன். கொட்டகையில் போர்வை போட்டு வைப்பதற்காக அன்று. சுதந்திர தின ஊர்வலத்தில் கொடி கட்டிக் கொண்டுபோவதற்காக அன்று. திருமணப் புகைப்படக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காகவும் அன்று. திங்கள் முதல் வெள்ளி வரை கோலகங்சாரில் உள்ள அலுவலகத்துக்குப் போய்வர வாங்கினேன்; போய்வந்துகொண்டும் இருக்கிறேன். பதினான்கு மாதங்கள் ஓடிய காரில் ஒரு மாலைப் பொழுதின் நாற்பது வினாடிகளை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறவர்களுக்கு என் பாராட்டுகள்.

வெள்ளிக்கிழமை நின்றது எஞ்சின் அன்று, பெட்ரோல் பம்பு. இந்தக் காரில் அது மின்சாரத்தில் இயங்குவது. எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவரில், கை எட்டும் இடத்தில் இருக்கும். சாவியைத் திருப்பியதும் பல்லி சொல்வதுபோல டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் நின்றுவிடும். உள்ளே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயின்ட் தேய்ந்து ஒட்டிக்கொண்டால் பல்லி வாயே திறக்காது. ஸ்பேனரின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினால் திறக்கும். தட்டினேன், திறந்தது. ஏழு நிமிடங்களில் அங்கிருந்து கிளம்பிவிட்டேன். கடையோர ஐந்தடி நடைபாதையில் ஒதுங்கி நின்று படமெடுத்த தம்பி அதற்குள் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டார் போலும், அல்லது கார் ஓடிப்போகும் காட்சியில் சுவாரசியம் இல்லை என்று வெட்டிவிட்டார். பம்பு இரண்டு வாரமாகவே தயங்கித் தயங்கித்தான் அடித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டும் கேளாதவன்போல ஓட்டியது என் தவறு. கார் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் நின்றது.

"அண்ணே, அந்தக் காசுக்கு ஒரு மைவி கார் வாங்கியிருக்கலாமே" என்று எழுதியவர்கள் மட்டும் பதினொரு பேர். எண்ணினேன். தம்பிகளே, ஒரு மைவியின் விலையைவிடக் குறைவாகத்தான் இதை வாங்கினேன். 1960-இல் வந்த மோரிஸ் மைனர், 948 சிசி. நான் கட்டும் சாலை வரி ஆண்டுக்கு 20 வெள்ளி. 1.5 லிட்டர் மைவிக்கு நீங்கள் கட்டுவது 90 வெள்ளி. வீட்டில் என் மனைவி ஓட்டும் நவீன கார் ஒன்றும் இருக்கிறது. தயாரித்தவரின் பெயர் இங்கே வேண்டாம். சென்ற ஆண்டு அது நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றபோது இழுவை வண்டிக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். எதை எதனால் தட்டுவது என்று எனக்கும் தெரியவில்லை, வந்தவருக்கும் தெரியவில்லை. அதை யாரும் காணொளி எடுக்கவில்லை. புதிய கார் நின்றால் அது விதி, பழைய கார் நின்றால் அது வாங்கியவனின் புத்தி.

பழைய காரைத் தினமும் ஓட்டினால் கெட்டுவிடும் என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. ஓட்டாமல் வைத்தால்தான் கெடும். தொட்டியில் தேங்கிய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைக்கும், பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து உருளையின் உட்புறத்தைத் துருப்பிடிக்க வைக்கும், ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும், பேட்டரி செத்துப்போகும். நான் வாங்குவதற்கு முன்பு பார்த்த மூன்று கார்களில், பளபளவென்று இருந்த முதல் இரண்டும் ஆண்டுக்கணக்கில் ஓடாதவை. அவற்றின் கதவை மூடிப் பார்த்தேன். மேலே இடைவெளி குறுகியும் கீழே விரிந்தும் இருந்தது. கூரையுள்ள காரில் அந்தக் கூரையும் சேர்ந்து உடலைத் தாங்கும். திறந்த காரில் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடுகள்தாம் முதுகெலும்பு; அவை துருவேறி இற்றுப்போனால் கார் நடுவில் தொய்ந்துவிடும், எத்தனை பூச்சு பூசினாலும் கதவு காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது கார், தைப்பிங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தினமும் சந்தைக்கு ஓட்டிக்கொண்டிருந்தது. மழைக்குப் பேர்போன தைப்பிங்கில் நாள்தோறும் ஓடியும் அதன் கதவு ஒரே தட்டில் மூடியது. அதைத்தான் வாங்கினேன்.

செலவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஈயமில்லாத பெட்ரோலுக்கு ஏற்ப வால்வு உட்காரும் வளையங்களைக் கடினமான உலோகத்தில் மாற்றினேன். மாதம் ஒருமுறை முன்சக்கரத்தின் கீழ் மூட்டுக்கு கிரீஸ் அடிக்கிறேன். அதை மறந்தவனின் சக்கரம் ஒருநாள் மடிந்து படுத்துவிடும். அந்தக் காலத்தில் தோட்டத்து லேண்ட் ரோவர்களைப் பழுது பார்த்த சீன அங்கிள் ஒருவரின் பட்டறையில்தான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். "இதுல கெட்டுப்போறது எல்லாம் கை எட்டுற இடத்துல இருக்கு தம்பி, அது போதும்" என்பார்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டவர்களும் உண்டு. காற்றுப்பை இல்லை, உண்மைதான். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டேன், இருக்கை வார் பொருத்தினேன். பக்கவாட்டிலிருந்து குச்சிக்கை நீட்டும் பழைய திருப்பக் காட்டியை இன்றைய ஓட்டுநர்கள் வேடிக்கைப் பொருளாகப் பார்ப்பதால் மின்னும் விளக்கும் சேர்த்தேன். நெடுஞ்சாலையில் ஏறுவதில்லை, பழைய சாலைதான், எண்பதுக்கு மேல் போவதும் இல்லை. இதற்கு மேலும் என் உயிரைப் பற்றிக் கவலைப்படும் அண்ணன் ஒருவர், போன வாரம் மூன்று பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் இல்லாமல் ஏற்றிக்கொண்டு கோவிலுக்கு வந்ததை நான் பார்த்தேன். என் மனைவி மகளை இந்தக் காரில் ஏற்ற இன்னும் சம்மதிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அவரிடம் அண்ணனின் மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன், பதிலே சொல்லவில்லை.

"இந்த வெயிலுக்கும் மழைக்கும் திறந்த கார் எதற்கு?" பதினோரு மணி வெயிலில் கூரையைத் திறக்க எனக்கும் பைத்தியமில்லை. காலை ஆறே முக்காலுக்குத் திறப்பேன். செம்பனைக்கு நடுவே மிஞ்சியிருக்கும் கித்தா (ரப்பர்) காட்டு ஓரத்தில் கட்டிப்பால் வாடை அடிக்கும். இஸ்கண்டார் பாலத்தில் ஏறும்போது பேராக் ஆற்றுக் காற்று முகத்தில் மோதும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிரூட்டியில் போகிறவர்களுக்கு அந்தச் சாலை வெறும் சாலை. எனக்கு அது இருபது நிமிடத்துக்குமேல் நீளும் சந்தோஷம், அதுவும் தினமும். ஓட்டுவதற்காக வாங்கினேன் என்றேனே, இதற்காகத்தான்.

இனி அந்தக் காணொளிக்கு நீங்கள் வைத்த தலைப்புக்கு வருகிறேன். "துரையும் கங்காணியும் மழையில்" என்று எழுதிச் சிரிக்கும் முகங்களைப் போட்டிருந்தீர்கள். துரை நான். என் பக்கத்து இருக்கையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைத்தான் கங்காணி என்கிறீர்கள். அவர் என் அப்பா. ஒரு நாளும் கங்காணியாக இருந்ததில்லை. பதினாறு வயதில் பால் மரம் வெட்டத் தொடங்கினார். கை நடுங்கத் தொடங்கிய பிறகு தோட்டத்து ஆலையின் புகைக்கூடத்தில் வேலை பார்த்தார்.

மோரிஸ் மைனர் துரைகளுக்காகச் செய்த காரே அன்று. 1948-இல் வந்த அதை அலெக் இசிகோனிஸ் சாதாரண மக்களுக்காக வடிவமைத்தார். பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் அது. இங்கிலாந்தில் அதைத் தாதியரும் குமாஸ்தாக்களும் ஓட்டினார்கள். ஆனால் எங்கள் தோட்டத்தில் அதைத் துரைதான் ஓட்டினார், கூரையைத் திறந்துபோட்டு. அந்தக் கார் வந்தால் என் தாத்தா சைக்கிளிலிருந்து இறங்கி ஓரமாக நிற்பார். அப்படி இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது 1941-ஆம் ஆண்டு கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று. கூலி உயர்வோடு சேர்த்து அதையும் கேட்டார்கள் என்றால் அது எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வழக்கம் போன பிறகும் தாத்தா பழக்கத்தில் இறங்கினார் என்று அப்பா சொல்வார். அப்பாவுக்கு அப்போது பத்து வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் துரை பங்களாவில் அந்தக் காரைத் துடைத்தால் பத்துக் காசு கிடைக்கும். துடைக்கலாம், உட்காரக் கூடாது.

நான் கார் வாங்கிவந்த அன்று அப்பா வாசலில் நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்து எஞ்சின் மூடியைத் துடைத்தார். "ஏறுங்கப்பா" என்றேன். காலணியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு ஏறினார். நான் பின்னால் திரும்பி அதை எடுத்துக்கொண்டேன், ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் கழற்றிவிட்டுத்தான் ஏறுகிறார்.

பகட்டு என்கிறீர்கள். லயத்தில் பிறந்தவன் கடனில்லாமல் ஒரு பழைய காரை வாங்கித் தானே கிரீஸ் அடித்து ஓட்டினால் பகட்டு. ஒன்பது ஆண்டுத் தவணையில் ஜப்பான் கார் எடுத்தால் முன்னேற்றம். இருக்கட்டும். என்னைத் துரை என்று அழைத்ததில்கூட எனக்கு வருத்தமில்லை, நான் அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தேன் என்று வைத்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு அப்பா என் கைப்பேசியை எட்டிப் பார்த்து, "நம்ம காரா அது? என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்டார். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. கார் நன்றாக இருக்கிறதாம் என்றேன்.

பம்புக்குப் புதிய பாயின்ட் இன்று மதியம் வந்துவிட்டது. இரவே மாட்ட வேண்டும், கைவிளக்குப் பிடிக்க அப்பா வருகிறேன் என்றிருக்கிறார். நாளை அவருக்குக் கோலகங்சார் மருத்துவமனையில் கண் பரிசோதனை. ஆறு ஐம்பதுக்கு அதே சந்திப்பைக் கடப்போம். கூரை திறந்திருக்கும்.