இல்லாத பன்னிரண்டாம் எண் அறை

ஏற்காட்டில் என் அக்காவும் மாமாவும் நடத்தும் தங்கும் விடுதியில் மொத்தமே நான்கு அறைகள்தான். கடந்த மே மாதம் கோடை விழா நடந்துகொண்டிருந்தபோது, ஒரு சனிக்கிழமை இரவு ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் நனைந்தபடி வாசலில் நின்றவர், தங்களுக்குப் பன்னிரண்டாம் எண் அறை பதிவாகியிருப்பதாகச் சொன்னார். கைப்பேசியில் அவர் காட்டிய ரசீதில் அக்காவின் விடுதிப் பெயர் இருந்தது. மாமா பெயிண்ட் அடித்த பச்சைக் கதவும், அதன் முன்னால் அக்கா போட்ட கோலமும், ஓரத்தில் நிற்கும் நீலத் தண்ணீர் டிரம்மும்கூட அவர் பதிவு செய்த இணையதளத்தின் படத்தில் அப்படியே இருந்தன. தொலைபேசி எண் மட்டும் எங்களுடையது இல்லை; அது எங்கள் பெயரில் யாரோ போட்ட போலித் தளம். முன்பணமாக அவர் அனுப்பிய 6,400 ரூபாய் யாருடைய கணக்குக்கோ போய்விட்டிருந்தது.

அன்றிரவு முன்னறையில் பாய் விரித்து அவர்களைப் படுக்கவைத்துவிட்டு, முதல் வேலையாக சைபர் மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு அவரையே அழைக்கச் சொன்னேன். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் தயங்கினார். ஆனால் பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் வங்கிகளால் அதை நிறுத்திவைக்க முடியும். யூபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கேட்டார்கள், கொடுத்தோம். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்தோம். சில நாட்கள் கழித்து, தொகையில் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்பட்டிருப்பதாக அவருக்குத் தகவல் வந்தது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறோம். பணத்தை மீட்கக் கொடுக்கும் புகார் வேறு, பணத்தைப் பறித்த தளத்தை மூடவைப்பது வேறு. முதலாவதைச் செய்துவிட்டால் இரண்டாவது தானாக நடந்துவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், பன்னிரண்டாம் எண் அறை அப்போதும் விற்பனைக்குத்தான் இருந்தது.

அக்கா பெயரில் ஒரு புகார் எழுதி எடுத்துக்கொண்டு போன அலுவலகத்தில், “உங்க பணம் எதுவும் போகலையேங்க, நீங்க எதுக்குப் புகார் தர்றீங்க?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் வலிக்கிறது. கணினி வழியே இன்னொருவராக நடித்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறையும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். பதினைந்து ஆண்டுகளாகப் படுக்கை விரிப்பைத் தன் கையால் துவைத்துப் போட்டுச் சம்பாதித்த பெயரை ஒருவன் திருடிக்கொண்டு போயிருக்கிறான். அதை நஷ்டம் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? தேசியப் புகார் இணையதளத்திலேயே, பணத்தை இழக்காதவரும் சந்தேகத்துக்குரிய இணைய முகவரியைத் தெரிவிப்பதற்குத் தனிப் பகுதி இருக்கிறது. அதை யாராவது அங்கே சொல்லியிருந்தால் எங்களுக்கு ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

சரி, தளத்தை மூடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? டொமைன் பெயர் எனப்படும் ஒவ்வொரு இணைய முகவரியையும் ஏதோ ஒரு பதிவு நிறுவனம்தான் விற்றிருக்கும். ஒரு முகவரி யார் மூலம் பதிவானது என்று காட்டும் வூ இஸ் தேடலில் அதை இட்டால், வாங்கியவரின் விவரம் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருந்தாலும், விற்ற நிறுவனத்தின் பெயரும் முறைகேடு குறித்துப் புகார் அனுப்பவேண்டிய மின்னஞ்சலும் கிடைக்கும். டாட் காம் போன்ற பொதுப் பெயர்களுக்கு இணைய முகவரிகளை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் ஒப்பந்த விதி 2024 ஏப்ரல் 5 முதல் கடுமையாகியிருக்கிறது: ஃபிஷிங், அதாவது போலித் தளம் காட்டித் தகவல் பறிப்பது, நடப்பதற்குப் போதிய ஆதாரம் கிடைத்தால், பதிவு நிறுவனம் உடனே நடவடிக்கை எடுத்தாக வேண்டும். ‘போதிய ஆதாரம்’ என்ற இரண்டு சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என் முதல் மின்னஞ்சலில் ஆத்திரம்தான் இருந்தது. இவர்கள் ஏமாற்றுக்காரர்கள், உடனே மூடுங்கள் என்று எழுதியிருந்தேன். நீங்கள் குறிப்பிடும் முகவரியில் அப்படி எதுவும் காணப்படவில்லை என்று பதில் வந்தது. அந்தத் தளம் கைப்பேசியில் திறந்தால் மட்டும் அறைகளைக் காட்டும். கணினியில் திறந்தால் வெற்றுப் பக்கம்தான் வரும். புகாரைச் சரிபார்ப்பவர் கணினியில்தான் பார்ப்பார் என்று கணக்குப் போட்டே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

இரண்டாம் முறை நிதானமாக எழுதினேன். உண்மையான விடுதியின் முகவரி இது, போலி முகவரி இது, நடுவில் ஒரு சிறு கோடு மட்டும்தான் வித்தியாசம், கைப்பேசியில் மட்டும் திறக்கும், இன்ன பக்கத்தில் அட்டை எண்ணையும் ஓடிபியையும் கேட்கிறது என்று வரிவரியாகக் குறிப்பிட்டு, முகவரியும் நேரமும் தெரியும்படி எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகளையும் சைபர் புகார் எண்ணையும் இணைத்தேன். தளம், இடையில் நின்று பாதுகாப்புத் தரும் கிளவுட்ஃபிளேர் என்ற சேவைக்குப் பின்னால் இருந்ததால், அதை உண்மையில் எந்த சர்வர் தாங்குகிறது என்று வெளியிலிருந்து தெரியவில்லை. அவர்களுடைய புகார்ப் படிவத்தில் தெரிவித்தால் தளத்துக்கு சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு அனுப்பிவைப்பார்கள் என்பதால் அங்கேயும் தெரிவித்தேன். கோலம் போட்ட வாசல் படத்தை எடுத்தவன் அக்கா மகன்; மூலப் படம் தேதியோடு அவன் கைப்பேசியில் இருந்ததால், பதிப்புரிமைப் புகார் ஒன்றை அவனே தனியாக அனுப்பினான்.

இவை எல்லாவற்றையும்விட விரைவாகப் பலன் தந்தது கூகுளின் பாதுகாப்பு உலாவல் பகுதியில் கொடுத்த புகார்தான். அதை ஏற்றுக்கொண்டால் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி ஆகிய மூன்று உலாவிகளிலுமே அந்த முகவரிக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்துவிடும். தளம் உயிரோடு இருந்தாலும் உள்ளே போகிறவர் தயங்கி நிற்பார். செவ்வாய்க்கிழமை சிவப்புத் திரை வந்தது. வியாழக்கிழமை அந்த முகவரியே திறக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் போலி முகவரியைப் போட்டு, ‘ஜாக்கிரதை, எல்லோருக்கும் பகிருங்கள்’ என்று எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றியது. நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் தொட்டால் திறக்கும் இணைப்பை நூறு பேருக்கு அனுப்புவது, அவனுக்கு நாமே விளம்பரம் செய்வதற்குச் சமம். அனுப்பியவர்களில் ஒருவர்கூட அதைப் புகார் செய்திருக்கவில்லை. ஈரோட்டுக்காரர் நம்பியதும் முகவரிக்குப் பக்கத்தில் இருந்த பூட்டுப் படத்தைப் பார்த்துத்தான். அந்தப் பூட்டு, நம் கைப்பேசிக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகும் தகவலை வேறொருவர் படிக்க முடியாது என்று மட்டுமே சொல்கிறது. மறுமுனையில் இருப்பவன் யோக்கியனா என்று சொல்வதில்லை. அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. மக்கள் இப்படித் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள் என்றுதான் 2023இல் குரோம் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டது; வேறு சில உலாவிகளில் அது இன்னும் வருகிறது.

வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி ஒரு வேலி போட்டுக் கொடுத்திருக்கிறது. 2025 அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் வங்கிகளுக்கு மட்டுமே தரப்படும் டாட் பேங்க் டாட் இன் முகவரிக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே நான்கு அறை வைத்திருப்பவருக்கு அப்படி ஒரு வேலி இல்லை. அதனால் ஏற்காட்டில் விடுதி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: சீசன் தொடங்கும் முன்பும், அதன்பின் வாரம் ஒருமுறையும், உங்கள் பெயரை நீங்களே கைப்பேசியில் தேடிப் பாருங்கள். பக்கத்து விடுதியின் பெயரில் போலி ஒன்று கண்ணில் பட்டால், அது அவர் பாடு என்று விட்டுவிடாதீர்கள். எதையும் நிரப்பாமல், பணம் கட்டிச் சோதித்துப் பார்க்காமல், படத்தை மட்டும் எடுத்துப் புகாரை அனுப்புங்கள்.

மூடவைத்த ஒன்பதாம் நாள், அதே பச்சைக் கதவு வேறொரு முகவரியில் வந்தது. இந்த முறை கடிதம் தயாராக இருந்தது. முகவரியையும் படங்களையும் மட்டும் மாற்றி அரை மணி நேரத்தில் எல்லா இடங்களுக்கும் அனுப்பினேன், மறுநாளே அது மூடப்பட்டது. நேற்று இரவு அக்கா மூன்றாவதைக் கண்டுபிடித்துச் சொன்னாள். அதில் அறைகளின் எண்ணிக்கை பதினெட்டாகியிருக்கிறது. புகார்களை அனுப்பிவிட்டேன்; இதை எழுதும் இந்த நேரம் வரை அது திறந்துதான் இருக்கிறது.